தாய் மாதிரி

ஷைனிக்கு டெங்கு வந்து போன ஒன்பதாம் நாள், பெனிட்டா பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்குப் போய் ஒரு மனு கொடுத்தாள். தன் அக்காள் மகள் ஷைனியின் கையைத் தினம் அரை மணி நேரம், மூன்று நாள் பிடித்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று அதில் எழுதியிருந்தாள்.

சட்ட அலுவலர் பூவராகன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். எதையும் சட்டென்று சொல்லிவிடாதவர்.

“குழந்தைக்கு இப்ப எப்படி இருக்கு?”

“வீட்டுக்கு அனுப்பிட்டாங்க சார். ரத்தத் தட்டணு எண்ணிக்கை ஏறிடுச்சு. ஆனா அடுத்த தடவை வேற வகை டெங்கு வந்தா தாங்கமாட்டாள்னு டாக்டர் சொல்றார். ஆறு வயசு. தூத்துக்குடியில இப்ப வருஷத்துல பத்து மாசம் கொசு.”

“கம்பெனியோட கொசுக் களிம்பு?”

“பன்னிரண்டு வயசுக்குக் கீழ அனுமதி இல்ல. அது உங்களுக்கே தெரியும்.”

பூவராகனுக்குத் தெரியும். அந்தக் களிம்பைப் பற்றிய ஒவ்வொரு காகிதமும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போனது.

பெனிட்டாவின் தோலில் ஒரு நுண்ணுயிர் வாழ்ந்தது. எல்லோர் தோலிலும் கோடிக்கணக்கில் குடியிருக்கிற சாதாரண வகைதான். அவள் அதில் சின்னதாக ஒரு மாற்றம் செய்திருந்தாள். அது குடியிருக்கும் தோலின் மணம் கொசுவுக்குப் பிடிபடாது. கொசு பக்கத்தில் வரும், அங்கே ஓர் ஆள் இருப்பதே தெரியாமல் தாண்டிப் போகும். முனைவர் பட்ட ஆய்வில் நான்கு வருடம் இதற்காகவே செலவழித்தாள். கண்ணாடித் தட்டில் வளர்த்தால் இருபது நாளில் அது அந்தக் குணத்தை மறந்துவிட்டது. எலியின் தோலில் ஒட்டவே இல்லை. வேறு வழி தோன்றாமல் ஒரு நாள் தன் இடது முழங்கைக்குக் கீழே தடவிக்கொண்டாள். அங்கே அது தங்கியது. மூன்று வாரத்தில் உடம்பு முழுக்கப் பரவியது.

பல்கலைக்கழகம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. உயிருள்ள கண்டுபிடிப்பு என்பதால் உயிருள்ள மாதிரி ஒன்றை நுண்ணுயிர் வைப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். ஒப்படைத்தது குளிர்பெட்டியில் செத்தது. மறுபடி கொடுத்தது, அதுவும் செத்தது. கடைசியில் யாருக்கோ யோசனை வந்து, பெனிட்டாவையே மாதிரியாகப் பதிவு செய்துவிட்டார்கள். பத்திரத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘தாய் மாதிரி’. உடன்படாவிட்டால் மருந்து போட்டுக் குளித்து அதை அழித்துவிட்டு, வேறு தலைப்பில் ஆய்வைத் தொடங்கலாம் என்றும் சொன்னார்கள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. தான் செய்த ஒன்று தன்னிடமே உயிரோடு இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெருமையாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் ஓடிவிட்டது. மாதம் ஒரு நாள் பஞ்சு வைத்து அவள் தோலை ஒற்றி எடுப்பார்கள். அதற்கு ‘எடுப்பு’ என்று பெயர். அந்த எடுப்பிலிருந்து, உரிமம் வாங்கிய கம்பெனி களிம்பு செய்தது. களிம்பு பூசினால் மூன்று வாரம் வேலை செய்யும். ஆனால் பெனிட்டாவின் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தால் ஆயுளுக்கும் தங்கிவிடும். அதனால்தான் ஒப்பந்தத்தில் அந்த விதி இருந்தது. யாரோடும் ஒரு நிமிடத்துக்கு மேல் தோலோடு தோல் படக் கூடாது. அவள் கைகளில் விரல் நுனியிலிருந்து தோள் வரை வெங்காயச் சருகு போல மெல்லிய உறை இருந்தது.

“இதைக் கண்டுபிடிச்சது நான்தானே சார்?” என்றாள்.

“கண்டுபிடிச்சவர்னு உங்க பேர்தான் இருக்கு, முதல் பக்கத்திலேயே. சொத்து பல்கலைக்கழகத்தோடது. பயன்படுத்துற உரிமை கம்பெனியோடது. சேரும்போது பதினாலு படிவத்துல கையெழுத்துப் போட்டீங்களே, அதுல பதினொண்ணாவது.”

“பதினொண்ணாவது மெஸ் படிவம்னு நினைச்சேன்.”

“மெஸ் பன்னிரண்டாவது,” என்றார் பூவராகன். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மனுவை மடித்து அவள் பக்கம் தள்ளினார். “இதை நான் வாங்கினா கம்பெனிக்கு அனுப்பணும். அவங்க மறுப்பாங்க. மறுத்ததுக்கப்புறம் நீங்க என்ன செஞ்சாலும் தெரிஞ்சே செஞ்சதா ஆகிடும். அதனால நீங்க இதைக் கொடுக்கல.”

“அப்ப வழியே இல்லையா?”

அவர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. “ஆராய்ச்சிக்கும், மாணவர்களுக்குக் கற்பிக்கிறதுக்கும் காப்புரிமையிலேர்ந்து விலக்கு உண்டு. அதுக்கு உரிமையாளர் அனுமதி வேண்டாம். உங்க ஒப்பந்தத்துலயும் ‘சட்டம் விலக்களித்தவை நீங்கலாக’ன்னு ஒரு வரி இருக்கு. யாரும் அதைப் படிக்கிறதில்ல.”

“மாணவர்னா யார்?”

“விளக்கம் கொடுக்கல. வயசும் போடல.” புத்தகத்தை மூடினார். “நான் உங்களுக்கு யோசனை எதுவும் சொல்லல. சட்டத்தை வாசிச்சேன். அது என் வேலை.”

பெனிட்டா எழுந்தாள். கதவருகே போனவளிடம் அவர் தலை நிமிராமலே சொன்னார். “பாடம்னா நோட்டு இருக்கும், தேதி இருக்கும், படம் வரைஞ்சிருக்கும். பொதுவாச் சொல்றேன்.”

தூத்துக்குடி ரயிலில் அவளுக்கு ஜன்னலோர இடம். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள், கையிலிருந்த உறையைப் பார்த்துவிட்டு, ஏதோ தோல் வியாதி என்று எண்ணிக்கொண்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டாள். பெனிட்டாவுக்கு இது பழகிப்போயிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் இயற்பியல் துறையில் ரூபன் என்று ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். கணவராகப் போகிறவர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்பது பக்கம். மாதாமாதம் அவருக்கும் எடுப்பு உண்டு, வேலை மாறினால் தெரிவிக்க வேண்டும், பிறக்கும் குழந்தைக்குத் தனிப் படிவம். பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை படித்தார். பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்து, “யோசிச்சுச் சொல்றேன் பெனிட்டா,” என்றார். இப்போது அவருக்கு இரண்டு குழந்தைகள்.

அக்காள் ஃப்ளாரா துறைமுக அலுவலகத்தில் கிளார்க். கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர், வருடத்துக்கு ஒரு முறை வருவார். வாசலில் நின்ற தங்கையைப் பார்த்ததும் ஃப்ளாரா உள்ளே கூப்பிடவில்லை.

“ஆஸ்பத்திரில பிள்ள கெடந்தப்போ வராம இப்ப எதுக்குட்டி வந்த?”

“வந்து என்னக்கா செய்ய? தொட முடியாதுல்லா.”

“தொடாம நிக்கலாம்லா. நா ஒத்தைக்கு நின்னேன். பக்கத்துக் கட்டில்காரிதான் எனக்குக் காப்பி வாங்கித் தந்தா.”

ஃப்ளாரா கொஞ்ச நேரம் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தாய் மாதிரின்னு பேரு வச்சிருக்காவளே. ஒன்னயத் தாயாக விடமாட்டாவ, தாய் மாதிரியாம். உள்ள வா.”

ஷைனி கட்டிலில் உட்கார்ந்து முந்திரி மக்ரூன் தின்றுகொண்டிருந்தாள். காய்ச்சலில் மெலிந்து, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சித்தியை அவள் போனில் பார்த்ததுதான் அதிகம்.

பெனிட்டா ஒரு புது நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில் தேதி போட்டு, ‘பாடம் ஒன்று: நம் தோலில் யார் இருக்கிறார்கள்’ என்று ஷைனியின் கையாலேயே எழுத வைத்தாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு திசையில் சாய்ந்தது. பிறகு இடது கையின் உறையைத் தோளிலிருந்து மெல்ல உருட்டிக் கழற்றினாள். ஏழு வருடமாக வெயில் படாத தோல், வெளுத்துச் சுருங்கியிருந்தது.

“சித்தி, ஒங்க கை ஏன் தண்ணிக்குள்ளயே இருந்த மாதிரி இருக்கு?”

“உறைக்குள்ளயே இருந்துச்சு, அதான்.”

“வலிக்குமா?”

“வலிக்காது. பிடி.”

ஷைனி பிடித்தாள். சின்னக் கை, வியர்வையும் மக்ரூன் தூளுமாக ஒட்டியது. இவ்வளவு சூடாக இருக்கும் என்று பெனிட்டா எதிர்பார்த்திருக்கவில்லை. பாடத்தின் இரண்டாவது வாக்கியம் அவளுக்கு மறந்துபோனது. ஷைனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ளாரா அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சொல்லுங்க சித்தி. யாரு இருக்கா?”

பெனிட்டா சொன்னாள். மூன்று நாளும் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள் என்று சொன்னாள். அவர்களில் ஒருவருக்குத் தான் ஒரு சின்ன வேலை கற்றுக்கொடுத்ததைச் சொன்னாள். ஷைனி அந்த ஒருவருக்கு மீசை வைத்துப் படம் வரைந்தாள். மூன்றாம் நாள் முடிந்தபோது பெனிட்டா உறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, நோட்டின் கடைசியில் ஆசிரியர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் இடது கையை மடியில் மல்லாத்தி வைத்தபடியே வந்தாள்.

நான்கு மாதம் கழித்துப் பூவராகன் கூப்பிட்டு அனுப்பினார்.

தூத்துக்குடியில், களிம்பு விற்காத ஷைனியின் தெருவில் கொசுக்கடியும் இல்லை என்று கம்பெனியின் ஆட்கள் கவனித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இலவசத் தோல் பரிசோதனை என்று சொல்லிப் பிள்ளைகளின் கையை ஒற்றி எடுத்திருக்கிறார்கள்.

“முப்பத்துநாலு பிள்ளைங்க,” என்றார்.

“நான் ஒரு பிள்ளைக்குத்தான் பாடம் எடுத்தேன்.”

“அந்த நோட்டைப் பார்த்தாங்க. அதுல அவங்களால ஒண்ணும் சொல்ல முடியல. ஆனா அந்தப் பிள்ளை மத்தவங்களோட கை கோத்து விளையாடியிருக்கு.” ஓர் அறிக்கையை அவள் பக்கம் திருப்பினார். “பிள்ளைங்க தோல்ல இருக்கிறது அப்படியே உங்களோடது இல்ல. மரபணுவுல பதினேழு இடத்துல மாறியிருக்கு.”

பெனிட்டா அறிக்கையை வாங்கிப் படித்தாள். மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவள் முகம் மலர்ந்தது. அவளால் செய்ய முடியாத ஒன்றைப் பிள்ளைகளின் தோல் செய்திருந்தது. “சார், இது இன்னும் நல்லா நிக்கும். தட்டுல வளர்த்தாக்கூட மறக்காது போல.”

“இருக்கலாம். நம்ம காப்புரிமை தாய் மாதிரிக்கும், அதோட ஒத்துப்போறதுக்கும் மட்டும்தான். அதனால இப்போதைக்கு அந்தப் பிள்ளைங்கள யாரும் தொட முடியாது.”

“அப்ப நல்லதுதானே?”

“திருத்த விண்ணப்பம் போட்டிருக்காங்க. தாய் மாதிரியிலேர்ந்து கிளைச்ச எல்லாத்தையும் சேர்க்கச் சொல்லி. கிளைச்சதுன்னு நிரூபிக்க, உயிரோட இருக்கிற தாய் மாதிரியையும் பிள்ளைங்களோடதையும் பக்கத்துல பக்கத்துல வளர்த்துக் காட்டணும். காகிதத்துல இருக்கிற விவரம் செல்லாது. பழைய எடுப்பெல்லாம் இருபது நாள் ஆகிக் குணத்தை மறந்துடுச்சு. வர்ற இருபத்தொண்ணாம் தேதி எடுப்புதான் கணக்கு.”

“நிரூபிச்சிட்டா?”

“உரிமம் இல்லாத பிரதி ஆகிடும். மூணு வாரம் முகாம் போடுவாங்க. மருந்துக் குளியல், முப்பத்துநாலு பேருக்கும். உங்க அக்கா பொண்ணுக்கும்.”

வெளியே மாணவர்கள் சிரித்துக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது.

“இருபத்தொண்ணாம் தேதி வந்துடுவீங்கல்ல?” என்று கேட்டார் பூவராகன். “வராம இருக்கிறது ஒப்பந்த மீறல். அதைச் சொல்ல வேண்டியது என் கடமை.”

“வந்துடுவேன் சார்,” என்றாள்.

இருபத்தொன்றுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் உடம்பில் தேய்க்கும் சிவப்பு மருந்தை ஒரு மருந்துக் கடையில் வாங்கினாள். முதல் நாள் பாட்டிலைக் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, வெகு நேரம் அதன் முன் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். குடியிருப்பில் அவளுக்கு நெருங்கியவர் என்று யாரும் இல்லை. இரவில் விழிப்பு வந்தால், தன் தோலில் தன்னோடு ஓர் உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போவாள். இந்த ஏழு வருடத்தில் அவளை விட்டுப் போகாதது அது ஒன்றுதான். பிள்ளைகளிடம் மாறிப்போனதைத் தவிர, உலகத்தில் வேறெங்கும் அதற்கு வீடு கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

உறைகளைக் கழற்றினாள். தலையிலிருந்து கால்வரை மருந்தைத் தேய்த்து, அது காயும்வரை நின்றாள். தண்ணீர் ஊற்றினாள். இளஞ்சிவப்பாக ஓடி, குழியில் சுழன்று போயிற்று. காலையும் மாலையும் அப்படியே செய்தாள். நான்காம் நாள் தோல் வெடித்தது. துணியும் தலையணையும் வெந்நீரில் கொதித்தன. ஒன்பதாம் நாள் ஆய்வகத்துக்குப் போனாள். மதிய நேரம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கொசுக்கள் வளர்க்கும் வலைக்கூண்டுக்குள் இடது கையை விட்டாள். பத்து விநாடி ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒன்று வந்து மணிக்கட்டில் உட்கார்ந்தது. அப்புறம் நான்கைந்து. கையை அவள் உடனே எடுக்கவில்லை. கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. அதையும் அவள் துடைக்கவில்லை.

இருபத்தொன்றாம் தேதி வழக்கம்போல எடுப்பு நடந்தது. மூன்று நாள் கழித்துப் பூவராகன் அறைக்குப் போனபோது, அவர் மேஜையில் ஒற்றைப் படிவம் இருந்தது.

“வளரல,” என்றார்.

“ஆமா சார்.”

அவர் அவள் கைகளைப் பார்த்தார். தோல் உரிந்து, அங்கங்கே சிவந்திருந்தது. “தாய் மாதிரி இல்லாம காப்புரிமை நிக்காது. திருத்த விண்ணப்பமும் தானா விழுந்துடும். பிள்ளைங்களோடது அவங்களோடதுதான். யாரும் கேட்க முடியாது.” படிவத்தில் ஒரு கட்டத்தில் பேனாவை வைத்தார். “இங்க, இழப்புக்குக் காரணம்னு இருக்கு. காய்ச்சல் வந்தா அழியலாம். ஏதாவது மாத்திரை சாப்பிட்டாலும் அழியலாம். தானா அழிஞ்சதுன்னு எழுதினா இதோட முடிஞ்சது. உங்க பட்டம் இருக்கும், வேலை இருக்கும்.”

“வேற மாதிரி எழுதினா?”

“பட்டத்தைத் திரும்ப வாங்குவாங்க. ஆய்வேட்டை நூலகத்துலேர்ந்து எடுத்துடுவாங்க. கண்டுபிடிச்சவர்னு இருக்கிற பேரும் போயிடும்.” குரலைத் தாழ்த்தினார். “நான் எழுதிடறேன் பெனிட்டா. தானா அழிஞ்சது.”

அவர் பேனா நகர்வதற்கு முன் அவள் சொன்னாள். “குளிச்சேன்னு எழுதுங்க சார்.”

“வேண்டாம்.”

“சேரும்போது போட்ட கையெழுத்து எதுன்னு தெரியாம போட்டது. இருபத்தாறு வயசுல போட்டது பெருமையில போட்டது. நானா யோசிச்சு, எல்லாம் தெரிஞ்சு செஞ்சது இது ஒண்ணுதான். இதாவது என் பேர்ல இருக்கட்டும்.”

பூவராகன் குனிந்து, நிதானமான கையெழுத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பினார். படிவத்தைத் திருப்பி வைத்தார். அவள் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். விடைபெறும்போது அவர் எழுந்து நின்று கையை நீட்டினார். ஏழு வருடத்தில் முதல் முறை. வெடித்த விரல்கள் வலித்தன. இருந்தாலும் அவள் குலுக்கினாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆகிறது. பெனிட்டா தூத்துக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். திரேஸ்புரத்தில் ஒற்றை அறை. ஃப்ளாரா சென்னைக்கு மாற்றலாகி ஷைனியோடு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவார்கள். மருந்தில் வெந்த தோலில் வெகு நாளைக்கு எதுவும் ஒட்டவில்லை. ஷைனி ஊரில் இருந்தவரை கையைப் பிடித்துப் பார்த்தும் தங்கவில்லை. மற்றவர்களைப் போலப் பெனிட்டாவும் கொசுவலை கட்டிப் படுத்தாள்.

போன மாதம் அவள் தெருவுக்கு மாநகராட்சி முகாம் வந்தது. சமுதாயக் கூடத்தில் நாற்காலிகளை இரண்டிரண்டாக எதிரும் புதிருமாகப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பள்ளிப் பிள்ளைகள், எதிர்ப் பக்கம் தெருக்காரர்கள். பெனிட்டாவுக்கு எதிரே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி சீருடையில் உட்கார்ந்திருந்தாள். சுகாதாரச் செவிலி வரிசையாக விளக்கிக்கொண்டே வந்தாள். தோலில் வாழும் நல்ல நுண்ணுயிர், டெங்கு வராமல் காக்கும், மூன்று நாள் அரை மணி நேரம் கையைப் பிடித்தால் போதும். சுவரில் ஒட்டியிருந்த தாளில் எல்லா விவரமும் அச்சிட்டிருந்தது. ‘தோற்றம்: அறியப்படவில்லை’ என்றும் ஒரு வரி இருந்தது.

“இது மருந்து இல்லக்கா, பயப்படாதீங்க,” என்றாள் செவிலி. “யாரும் செஞ்சதுமில்ல. நம்ம ஊர்ப் பிள்ளைகள்ட்ட தானா உண்டானது. இதப் பத்தி முன்ன கேள்விப்பட்டிருக்கியளா?”

சொன்னால், இது யாருடையது என்ற கேள்வி மறுபடி எழும். பெனிட்டா அந்தத் தாளை இன்னொரு முறை பார்த்தாள்.

“இல்லம்மா,” என்றாள். “நீங்க சொல்லுங்க.”

செவிலி முதலிலிருந்து விளக்கினாள். ஓரிரண்டு இடத்தில் தவறாகச் சொன்னாள். பெனிட்டா திருத்தவில்லை, தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். செவிலி அடுத்த நாற்காலிக்கு நகர்ந்ததும், எதிரே இருந்த சிறுமி பாவாடையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“அர மணி நேரம் விடக் கூடாது ஆன்ட்டி. சரியா?”

“சரி,” என்றாள் பெனிட்டா.